மயில்கள் பறந்துபோன மார்ச்: அமெரிக்கக் கல்லூரி ரசிகன் யாருக்காகக் கத்துகிறான்?

நியூயார்க்கிலிருந்து ஹட்சன் ஆற்றைத் தாண்டினால் ஜெர்சி சிட்டி. அங்கே செயின்ட் பீட்டர்ஸ் என்று ஒரு சின்ன கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கூடைப்பந்து அணியின் பெயர் 'பீகாக்ஸ்'. அதாவது மயில்கள். 2022 மார்ச் 17 வரை, அந்த ஊரைத் தாண்டி இந்த மயில்களைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

அன்று அவர்கள் மோதியது கென்டக்கியோடு. எட்டு முறை தேசிய சாம்பியன். பயிற்சியாளரின் ஆண்டுச் சம்பளமே 80 லட்சம் டாலருக்கு மேல். 68 அணிகள் ஆடும் இந்த மார்ச் மாதத் தொடரில் ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை வரிசை எண் கொடுப்பார்கள். கென்டக்கிக்கு 2, மயில்களுக்கு 15. முடிவு எல்லோருக்கும் முன்பே தெரிந்ததுபோலத்தான் ஆட்டம் தொடங்கியது. கூடுதல் நேரத்துக்குப் போய், 85-79 என்று மயில்கள் ஜெயித்தார்கள்.

அதோடு விடவில்லை. அடுத்து முர்ரே ஸ்டேட். அதற்கடுத்து 7 அடி 4 அங்குல சாக் ஈடி ஆடிய பர்டியூ, 67-64. பதினைந்தாம் எண் அணி ஒன்று கடைசி எட்டுக்குள் வந்தது அதுதான் முதல்முறை. அடுத்த ஆட்டத்தில் நார்த் கரோலினா அவர்களை 69-49 என்று சாய்த்தது. ஆனால் பத்து நாளைக்கு அமெரிக்கா முழுவதும் மயில் ரசிகர்கள்தான். மெல்லிய மீசை வைத்த டக் எடர்ட் என்ற பையன், கோழி விற்கும் ஒரு பெரிய உணவகச் சங்கிலியின் விளம்பர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் என்ன ஆனது என்பதுதான் இந்த வாரக் கதை.

தோற்ற சில நாட்களிலேயே பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே, தான் படித்த சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராகக் கிளம்பினார். கே.சி. என்டெஃபோவும் பின்னாலேயே சீட்டன் ஹால் போனார். மீசைக்காரர் எடர்ட் பிரையன்ட்டுக்கு. டேரில் பேங்க்ஸ் செயின்ட் போனவெஞ்சருக்கு. மேத்யூ லீ மிசோரி ஸ்டேட்டுக்கு. இரட்டையர்களான டிராமே சகோதரர்கள் லாசாலுக்கு. ஊர் கொண்டாடி முடித்து, சுவரில் ஒட்டிய படம் காய்வதற்குள் படத்தில் இருந்த முகங்களில் முக்கால்வாசி வேறு ஊரில்.

சரி, ஐ.பி.எல் ஏலம் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் என்ன அதிசயம்? நேற்று மஞ்சள், இன்று நீலம் என்பதெல்லாம் நமக்குப் பழகிவிட்டது. ஆனால் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அப்படிப் பார்க்கப்பட்ட விளையாட்டு இல்லை. அங்கே பல மாநிலங்களில் பெரிய தொழில்முறை அணியே கிடையாது. அயோவாவில் கிடையாது, கென்டக்கியில் கிடையாது. ஊரின் அணி என்றால் கல்லூரி அணிதான். தாத்தா படித்த கல்லூரி, அப்பா படித்த கல்லூரி, படிக்காவிட்டாலும் பக்கத்தில் இருக்கும் கல்லூரி. முதலாம் ஆண்டில் ஒல்லியாக வந்து பெஞ்சில் உட்கார்ந்த பையன், நாலாம் ஆண்டில் கேப்டனாகி, கடைசி உள்ளூர் ஆட்டத்தில் அம்மா அப்பாவோடு மைதான நடுவில் நின்று அழுவான். அரங்கமும் சேர்ந்து அழும். அந்த நாலு வருடப் பழக்கம்தான் ரசிகனின் சொத்து.

அந்தச் சொத்து இப்போது ஆண்டுக்கு ஒருமுறை கலைகிறது.

பசியோடு தூங்கிய சாம்பியன்

'பணம் வந்தது, விசுவாசம் போச்சு' என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. பணம் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

நம் ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டா மாதிரிதான் அடிப்படை. ஆடு, பதிலுக்கு ஃபீஸ் இல்லாமல் படி. அங்கே விடுதியும் சாப்பாடும் சேர்த்து. அதற்கு மேல் ஒரு டாலர் வாங்கினாலும் குற்றம். இதைக் காவல் காத்தது என்.சி.ஏ.ஏ என்ற தேசிய அமைப்பு. அதே அமைப்பு, இந்த மார்ச் தொடரின் ஒளிபரப்பு உரிமையை 2032 வரை நீட்டித்தபோது எட்டு ஆண்டுகளுக்கு வாங்கிய தொகை 880 கோடி டாலர். பயிற்சியாளர்களுக்கு லட்சங்களில் சம்பளம். ஆடுகிற பையனுக்கு உதவித்தொகை மட்டும்.

2014-ல் கனெக்டிகட் அணியைச் சாம்பியன் ஆக்கிய ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடுதான் படுக்கப் போகிறேன் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அவர் பெயர் போட்ட சட்டைகளை ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த ஏப்ரல் மாதமே சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை என்.சி.ஏ.ஏ தளர்த்தியது. ஒரு சாம்பியன் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் தட்டில் சோறு கூடியது.

அதற்கும் முன்னால் எட் ஓபேனன். 1995-ல் யு.சி.எல்.ஏ-வைச் சாம்பியன் ஆக்கியவர். பல வருடம் கழித்து, நண்பர் வீட்டில் ஒரு வீடியோ கேமில் தன்னையே பார்த்தார். அதே இடது கை, அதே 31-ம் எண், அதே உருவம். பெயர் மட்டும் இல்லை, பணமும் இல்லை. 2009-ல் வழக்குப் போட்டார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி அங்கேதான்.

இன்னொரு அநியாயமும் உண்டு. பயிற்சியாளர் இன்று ஒரு கல்லூரி, நாளை இன்னொரு கல்லூரி என்று போகலாம். வீரர் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 'என்னை நம்பி வா' என்று வீட்டுக்கே வந்து அம்மாவிடம் பேசிய பயிற்சியாளர் அடுத்த மாதமே கிளம்பிவிட்டாலும், பையன் மட்டும் அங்கேயே இருக்க வேண்டும், அல்லது ஒரு வருடத்தை இழக்க வேண்டும்.

இது எல்லாம் மளமளவென்று சரிந்தது 2021-ல்தான். ஏப்ரலில், ஒருமுறை உட்காராமலே மாறலாம் என்றார்கள். ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்.சி.ஏ.ஏ-வுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். இதைத்தான் 'என்.ஐ.எல்' என்கிறார்கள். 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், பாடத்தில் தேறினால் போதும் என்றானது. 2025 ஜூனில் ஹவுஸ் வழக்கு சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். முன்னாள் வீரர்களுக்குப் பத்து ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் பாக்கி. இனிமேல் கல்லூரியே நேரடியாகத் தன் விளையாட்டு வீரர்களுக்குப் பணம் தரலாம், முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் பெரும்பங்கு அவர்கள் ஊர் ஃபுட்பாலுக்கு, அடுத்தது ஆண்கள் கூடைப்பந்துக்கு.

பல்லாண்டுக் கடன் அடைகிறது. இதில் வருத்தப்பட எதுவும் இல்லை.

ட்விட்டரில் அறிவித்த சம்பளம்

ஆனால் விஷயம் விளம்பரத்தோடு நிற்கவில்லை. மயாமி பல்கலைக்கழகத்தின் பணக்கார ஆதரவாளர் ஜான் ரூயிஸ். 2022 ஏப்ரலில் கேன்சஸ் ஸ்டேட் அணியிலிருந்து நைஜல் பேக் என்ற வீரர் மயாமிக்கு வருகிறார் என்றதும், தன் நிறுவனம் அவருக்கு இரண்டு வருடத்துக்கு 8 லட்சம் டாலரும் ஒரு காரும் தருகிறது என்று ட்விட்டரில் போட்டார். அன்றைய மதிப்பில் ஆறு கோடி ரூபாய். கூரையேறிக் கூவிய மாதிரி.

வீட்டுக்குப் புது மருமகள் வந்தால் மூத்த மருமகளுக்கு என்ன தோன்றும்? அதே அணியின் நட்சத்திரம் ஐசையா வாங் சார்பில் அவருடைய ஏஜென்ட், தொகையைக் கூட்டாவிட்டால் வேறு கல்லூரி பார்ப்பார் என்று பத்திரிகையிலேயே சொல்லிவிட்டார். பிறகு வாங் அங்கேயேதான் ஆடினார். அடுத்த ஆண்டே, 2023-ல், மயாமி தன் வரலாற்றில் முதல்முறையாக அரை இறுதி கண்டது. பணம் வேலை செய்தது என்று ரூயிஸ் சொல்லிக்கொள்ளலாம்தான்.

அந்த அணியின் பயிற்சியாளர் ஜிம் லராநாகா. 2006-லேயே ஜார்ஜ் மேசன் என்ற சிறிய கல்லூரியை அரை இறுதிக்குக் கொண்டுபோன பெரியவர். 2024 டிசம்பர் 26 அன்று, சீசன் பாதியில், 75 வயதில் பதவி விலகினார். தான் களைத்துவிட்டதாகச் சொன்னார். அரை இறுதிவரை போய்வந்த பிறகு வீரர்களோடு நடந்த முதல் கூட்டத்திலேயே எட்டுப் பேர் வேறு கல்லூரி பார்க்கப் போவதாகச் சொன்னதை நினைவுகூர்ந்தார். அவர்களில் யாருக்கும் மயாமியின் மேல் கோபம் இல்லை. வெளியே என்ன விலை கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வர்ஜீனியாவின் டோனி பென்னெட், 2019-ல் சாம்பியன் ஆனவர், அதே ஆண்டு அக்டோபரில், சீசன் தொடங்க மூன்று வாரம்கூட இல்லாதபோது, இந்தப் புதிய சூழலுக்குத் தான் ஏற்ற ஆள் இல்லை என்று ஒதுங்கினார்.

பயிற்சியாளர்களுக்காக நான் ரொம்பக் கண்ணீர் விடப்போவதில்லை. கோடிகளில் சம்பாதித்துவிட்டுத்தான் போகிறார்கள். ரசிகனின் நிலைமைதான் வேறு.

'ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்பது 2018-ல் வந்த ஒரு இணையப் பதிவேடு. அதில் பெயர் ஏறிவிட்டால் மற்ற கல்லூரிகள் பேச வரலாம். 2025-ல் ஆண்கள் கூடைப்பந்துக்கு அது திறந்த நாள் மார்ச் 24. தொடரில் இன்னும் 16 அணிகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் டி.வி-யில் ஆட்டம், இன்னொரு பக்கம் போனில் யார் போகிறார் யார் வருகிறார் என்ற செய்தி. அந்த வசந்த காலத்தில் 2,000-க்கும் அதிகமான ஆண் வீரர்கள் பெயர் கொடுத்தார்கள். மொத்தம் இருப்பதே 360 சொச்சம் அணிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள், அணிக்கு ஐந்தாறு பேர்.

ஐ.பி.எல்-லிலாவது ஒப்பந்தம் உண்டு, தக்கவைத்துக்கொள்ளும் விதி உண்டு. இங்கே நேர்மாறு. கல்லூரி வீரர் ஊழியர் அல்ல, மாணவர்தான் என்று என்.சி.ஏ.ஏ இன்றுவரை பிடிவாதமாகச் சொல்கிறது. ஊழியர் இல்லை என்றால் சங்கம் இல்லை. சங்கம் இல்லை என்றால் கூட்டு ஒப்பந்தம் இல்லை. கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் 'இத்தனை வருடம் இங்கே இருக்க வேண்டும்' என்று ஒரு விதி போட்டால் அடுத்த வாரமே யாராவது நீதிமன்றம் போகிறார்கள், ஜெயிக்கிறார்கள். சம்பளம் தராமல் இருக்க எழுப்பிய சுவர், இப்போது அவர்கள் தலையிலேயே விழுகிறது. இதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

உண்டியல் குலுக்கல்

ரசிகனிடம் இப்போது கேட்கப்படுவது கைதட்டல் மட்டுமல்ல. 'கலெக்டிவ்' என்ற பெயரில் ஆதரவாளர் குழுக்கள் கிளம்பின. மாதச் சந்தா கட்டுங்கள், நம் பாயின்ட் கார்டைத் தக்கவைப்போம் என்று அழைப்பு வரும். டிக்கெட் வாங்கி, சட்டை வாங்கி, கார் பார்க்கிங்குக்கும் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இப்போது இருபது வயதுப் பையனின் சம்பளத்துக்கும் பங்கு போட வேண்டும். அவன் ஏப்ரலில் போய்விட்டால்?

பணம் கொடுத்தவன் முதலாளி ஆகிவிடுகிறான். அதுதான் எனக்கு இதில் உறுத்துகிற விஷயம். மூன்று வருடம் முன்பு ஃப்ரீ த்ரோ தவறவிட்ட பையனைப் பார்த்து 'பாவம், பரீட்சை நேரம்' என்றவர்கள், இன்று 'வாங்குற காசுக்கு இதுதானா?' என்கிறார்கள். பந்தயச் செயலிகள் வேறு. கல்லூரி வீரர்கள் தனித்தனியாக எத்தனை புள்ளி எடுப்பார்கள் என்று பந்தயம் வைப்பதைத் தடை செய்யச் சொல்லி என்.சி.ஏ.ஏ தலைவர் சார்லி பேக்கரே 2024-ல் மாநிலங்களிடம் கேட்டார். தோற்றவர்கள் மாணவர்களைத் திட்டி மெசேஜ் அனுப்புகிறார்கள் என்பதுதான் காரணம்.

நம் வீடுகளுக்கு நேரடியாகத் தெரிந்த ஒரு சங்கடமும் இந்தக் கதையில் இருக்கிறது. எஃப்-1 விசா. பிள்ளையை மேல்படிப்புக்கு அமெரிக்கா அனுப்பிய எல்லோருக்கும் தெரியும், அந்த விசாவில் கேம்பஸுக்கு வெளியே இஷ்டத்துக்கு வேலை பார்க்க முடியாது. அதே விசாதான் வெளிநாட்டு வீரர்களுக்கும். 2022-ல் மயில்களிடம் தோற்ற கென்டக்கி அணியில், அன்று 30 புள்ளியும் 16 ரீபவுண்டும் எடுத்தவர் காங்கோ நாட்டின் ஆஸ்கர் ஷிப்வே. அந்த ஆண்டின் தேசியச் சிறந்த வீரர். ஜெயித்த அணியின் மீசைக்காரர் சில நாளில் விளம்பரத்தில் கையெழுத்துப் போட, தேசிய விருது வாங்கியவர் அமெரிக்க மண்ணில் அப்படிச் சம்பாதிக்க முடியவில்லை. ஆகஸ்டில் அணி பஹாமாஸ் தீவுக்குப் போனபோது அங்கே வைத்துத்தான் ஒப்பந்த வேலைகளை முடித்தார். கனடாக்காரரான சாக் ஈடிக்கும் இதே கதை. 2023, 2024 என்று இரண்டு ஆண்டும் சிறந்த வீரர் விருது வாங்கியும், அமெரிக்கச் சக வீரர்களுக்குத் திறந்திருந்த விளம்பரச் சந்தை அவருக்குப் பாதி மூடியே இருந்தது.

ஈடி பர்டியூவில் நாலு வருடமும் இருந்தார். 2023-ல் பதினாறாம் எண் அணியான ஃபேர்லி டிக்கின்சனிடம் முதல் சுற்றிலேயே அவமானத் தோல்வி. அடுத்த ஆண்டு அதே பர்டியூவை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். 37 புள்ளி எடுத்தும் கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோற்றார். கோப்பை இல்லை. ஆனால் பர்டியூக்காரர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

கெய்ட்லின் கிளார்க்கும் அப்படித்தான். அயோவா மாநிலத்துப் பெண், அயோவா பல்கலைக்கழகத்திலேயே நாலு வருடம். 3,951 புள்ளிகள். என்.சி.ஏ.ஏ-வின் முதல் டிவிஷனில், ஆண், பெண் என்று இரண்டு பிரிவிலும் அதற்கு முன் அந்தத் தொகையை யாரும் எட்டியதில்லை. 2024 பெண்கள் இறுதி ஆட்டத்தை சுமார் 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள், ஆண்கள் இறுதி ஆட்டத்தை 1.48 கோடி. கல்லூரியில் இருக்கும்போதே பெரிய நிறுவனங்களின் விளம்பரங்கள் அவர் கையில். படித்து முடித்துத் தொழில்முறை லீகுக்குப் போனபோது முதல் வருடச் சம்பளம் 76,535 டாலர். பணம் வந்ததும் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்பவர்கள் இந்தக் கணக்கையும் வைத்துக்கொள்ள வேண்டும். பணம் இல்லாத காலமாக இருந்திருந்தால் அவர் அயோவாவில் சம்பாதித்திருக்கக்கூடியது பூஜ்யம்.

ஆக, நட்டம் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. 2025 சாம்பியன் ஃப்ளோரிடா. ஹூஸ்டனை 65-63 என்று ஜெயித்த அந்த இறுதி ஆட்டத்தைத் தொடங்கிய ஐந்து பேரில் நாலு பேர் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்கள். நாயகன் வால்டர் கிளேட்டன், நியூயார்க்கின் ஐயோனாவில் இரண்டு வருடம் ஆடியவர். ஆனால் பிறந்தது ஃப்ளோரிடாவில், சொந்த மாநிலத்துக்குத் திரும்பி வந்த பையன். முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்காமல், இரண்டாம் பாதியில் 11 எடுத்து, கடைசி நொடியில் எதிரணி வீரர் பந்தை எறியவே முடியாதபடி பாய்ந்து மறித்தார். இவர் எங்கள் ஆள் இல்லை என்று ஃப்ளோரிடா ரசிகர் ஒருவராவது சொல்வாரா? இரண்டு வருடம் போதும், பாசம் ஒட்டிக்கொள்ள.

ஐயோனாக்காரருக்கு? பெல்மான்ட்காரருக்கு? அவர்கள் ஊர்தான் நாற்றங்கால். விதைத்து, தண்ணீர் விட்டு, முளை வந்ததும் பிடுங்கிப் பெரிய வயலில் நடுகிறார்கள். 2025-ல் கடைசி 16 அணிகளும் நான்கே நான்கு பெரிய கூட்டமைப்புகளைச் சேர்ந்தவை. கடைசி நான்கும் தரவரிசையில் முதல் எண் பெற்றவை. ஆட்டத்தின் தரம் உயர்ந்தது, நான் பார்த்தவரை சந்தேகமே இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் அலுவலக வாட்ச்மேனும் இந்தத் தொடருக்குப் பந்தயச் சீட்டு நிரப்புவது தரத்துக்காக அல்ல. எங்கேயோ ஒரு மயில் தோகை விரிக்கும் என்பதற்காக.

செயின்ட் பீட்டர்ஸ் 2024-ல் மறுபடி தகுதி பெற்றது. புதுப் பயிற்சியாளர், பெரும்பாலும் புதுப் பையன்கள். முதல் ஆட்டத்தில் டென்னசியிடம் 83-49 என்று தோற்று ஊர் திரும்பினார்கள்.

சீசன் நவம்பரில் தொடங்கும். பெரிய ஆட்டங்கள் நமக்கு விடிகாலையிலும் காலையிலும் வரும், இறுதி ஆட்டம் இட்லி வேகும் நேரம். உங்கள் பிள்ளை படிக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஓர் அணி இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். போன வருடம் பார்த்த பெயர்களை நம்பி டி.வி முன் உட்காராதீர்கள். முதலில் அணிப் பட்டியலைத் திறந்து, யார் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.